கத்திக்கும் ஒரு திருமங்கலம் ஃபார்முலா

மதுரைப் பக்கத்து ஆள் கத்தியைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறார் என்றாலே வாசகர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. தமிழ் சினிமா எங்கள் சீமையைக் காட்ட வேண்டுமென்றால் முதலில் கோபுரத்தைக் காட்டும், அடுத்து அரிவாளைக் காட்டும், நடுவில் வேறு எதையும் காட்டாது. செய்தித்தாள்களோ, மாங்காய் நறுக்குகிற கத்தியைக்கூடக் காவல் நிலையத்து மேசையில் பார்த்துவிட்டால் ‘பயங்கர ஆயுதம்’ என்று பதவி உயர்வு கொடுத்துவிடும். இந்தக் கட்டுரையின் நாயகனுக்கு அந்த யோகமெல்லாம் இல்லை. சட்டைப் பையில் அடங்குகிற மடக்குக் கத்தி அது. சாக்கு மூட்டையின் சணலை அறுக்கும், ஆட்டுக்குக் குழை கழிக்கும், வெள்ளரிக்காயைக் கீறும், வயர் தோலை உரிக்கும், பென்சில் சீவும். அதன் வீரதீரம் அவ்வளவுதான். அதன் மேல் நடக்கிற வழக்கும் கொலை வழக்கு இல்லை. ‘ஃபினிஷிங் சரியில்லை’ என்ற வழக்கு. அதில் கத்தியின் பக்கம் நின்று வாதாடுவதுதான் இங்கே என் வேலை. 2009 ஜனவரி இடைத்தேர்தலுக்குப் பிறகு ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்றால் நாட்டுக்கே ஒரு பொருள்தான்: வாக்காளருக்குக் கவரில் பணம். மதுரைப் பக்கத்து அந்த ஊரின் பெயரில் இன்னொரு ஃபார்முலாவும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று, மலிவான நாட்டுக் கத்தியின் குறைகளை எடைபோட ஒன்றை முன்வைக்கிறேன். இதில் கவர் கிடையாது. மடக்குக் கத்திக்கு உறை தேவைப்படுவதில்லை.

முதலில் குற்றப்பத்திரிகையைப் படித்துவிடலாம். கத்தியை மடக்கி, முனையைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பாருங்கள். அலகு பிடியின் நட்ட நடுவில் நிற்காது. ஏதோ ஒரு பக்கத்துத் தகட்டோடு கூடுதல் ஒட்டுறவு வைத்துக்கொண்டு சாய்ந்திருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால், முதுகில் ஓடும் ஸ்பிரிங்குக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையில் முடி நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. அதில் வெள்ளைக் கோடாக வானம் தெரியும். ரிவிட் தலைகளில் ஒன்று உருண்டை, மற்றது சப்பை. நகத்தை வைத்து அலகை இழுப்பதற்கான பள்ளம், இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு நூல் மேலே ஏறியிருக்கும். அலகின் அடிப்பகுதியில் அரம் ஓடிய கோடுகள் அப்படியே கிடக்கும்; அரத்தை ஓட்டியவர் எந்த இடத்தில் கைமாற்றிப் பிடித்தார் என்பதுகூடத் தெரியும். பிடிக்கட்டையின் ஒரு கன்னம் மற்றதைவிடத் தடிப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, திறந்து பக்கவாட்டில் அசைத்தால் லேசாக ஒரு ஆட்டம். வாங்க வருகிறவர் பிடித்துக்கொள்வது இந்தக் கடைசிக் குற்றத்தைத்தான். “என்னண்ணே, ஆடுது?” என்பார். “ஆடாம இருந்தா அது எப்படி மடங்கும் தம்பி?” என்று பதில் வரும். கேள்வியில் நியாயம் இருக்கிறது. பதிலில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது.

ஏன் என்று பார்க்க வேண்டுமானால் பட்டறைக்குப் போக வேண்டும். காஷ்மீரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு இறங்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை திருமங்கலம் வழியாகப் போகிறது. கொல்லத்துக்குப் போகும் 744 இங்கிருந்துதான் கிளை பிரிகிறது. இரண்டு சாலையிலும் லாரி ஓடுகிறது, லாரியின் ஸ்பிரிங் பட்டை தேய்கிறது, ஒடிகிறது, பழைய இரும்புக் கடைக்கு வருகிறது. நாட்டுப் பட்டறையில் அரிவாளாகவும் கத்தியாகவும் மறுபிறவி எடுப்பது பெரும்பாலும் அந்தப் பட்டைதான். அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே கரி சேர்ந்த உருக்கு அது. பல டன் பாரத்தைத் தாங்கிப் பழகியது. வெள்ளரிக்காயைப் பார்த்துப் பயப்படாது. உள்ளூர் ஆசாரியானாலும், மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்து சாலையோரத்தில் கூடாரம் போட்டு அடிக்கிற குடும்பமானாலும் வேலை ஒன்றுதான். உலையில் போட்டு, சம்மட்டியால் தட்டி அலகாக்கி, மறுபடி 800 டிகிரிக்கு மேல் சூடேற்றி, நிறத்தைக் கண்ணால் பார்த்தே நேரத்தைக் கணித்து, தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கித் தோய்ச்சல் கொடுக்க வேண்டும். மெல்லிய அலகு அந்த அதிர்ச்சியில் சற்றே முறுக்கிக்கொள்ளும். அதைத் தட்டி நிமிர்த்தலாம். அளவுக்கு மீறித் தட்டினால் ஒடியும். எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவர்தான் கொல்லர். அவர் நிறுத்திய இடத்தைத்தான் நாம் ‘கோணல்’ என்கிறோம்.

இதில் மடக்குக் கத்திக்கு இன்னொரு தலையெழுத்தும் உண்டு. மதுரையிலிருந்து மானாமதுரை போகிற வழியில் இருக்கிற திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போன ஊர். அரிவாள் ஒரே துண்டு. அது ஒரு நூல் வளைந்திருந்தால் கண்டுபிடிக்க ஆளில்லை, கண்டுபிடித்தாலும் அரிவாள் வைத்திருப்பவரிடம் சொல்ல ஆளில்லை. மடக்குக் கத்தியோ அலகு, ஸ்பிரிங், இரண்டு பக்கத் தகடு, இரண்டு பிடிக்கட்டை, அவற்றைக் கோக்கும் ரிவிட்டுகள் என்று ஒரு கூட்டுக்குடும்பம். ஒவ்வொன்றிலும் முடியளவு பிசகு இருந்தால் போதும், எல்லாப் பிசகும் ஒன்றாகச் சேர்ந்து அந்தச் சந்தில் வந்து எட்டிப் பார்க்கும். தொழிற்சாலை இதை இரண்டு விதமாகச் சமாளிக்கிறது: ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வெட்டுகிறது, ஒட்டாததைக் கழித்துக் கட்டுகிறது. அச்சின் செலவும் கழித்ததன் செலவும் விலையில் ஏறிக்கொள்ளும். கைவேலைக்காரருக்கு அச்சும் இல்லை, கழித்துப்போட வசதியும் இல்லை. அவர் ஒரு துண்டை இன்னொரு துண்டுக்கேற்ப அரத்தால் இணக்குகிறார். முழுக்க இணக்க வேண்டுமென்றால் இணக்கலாம்; அதற்கு இன்னொரு அரை நாள் பிடிக்கும். அந்த அரை நாளுக்கும் நாம் கூலி கொடுப்போமா என்பதுதான் கேள்வி. அவர் அந்தக் கேள்வியை நம்மிடம் கேட்கவில்லை. பதில் அவருக்கு முன்பே தெரியும்.

ஆக, மலிவான கத்தியில் இருக்கிற காசு மொத்தமும் மூன்று இடத்தில் போகலாம்: இரும்பில், தோய்ச்சலில், பளபளப்பில். முதல் இரண்டும் கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவது மட்டுமே தெரியும். ஏமாற்ற நினைக்கிறவர் எதில் செலவு செய்வார் என்பதற்குப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை. உலகமே இதில் ஒரு தடவை ஏமாந்தும் இருக்கிறது. 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். அந்தக் காலத்துக் கத்திக்காரர்களுக்கு அதற்குச் சரியான பதத்தில் தோய்ச்சல் கொடுக்கத் தெரியவில்லை. விளைவு, பளிச்சென்று மின்னுகிற, எதையும் வெட்டாத கத்திகள். பாவம், ‘வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்’ என்று பிரியர்லிக்கே பட்டப்பெயர் வைத்தார்கள். பின்னால் அந்தக் கலை கைவந்தது, எவர்சில்வர் கத்தி நம் அடுப்படி வரைக்கும் வந்தது என்பது வேறு கதை. ஆனால் மினுக்கத்துக்கும் கூர்மைக்கும் சொந்தபந்தம் கிடையாது என்பதை இதைவிடப் பகிரங்கமாக யாரும் நிரூபித்ததில்லை. அரம் ஓடிய கோடு தெரிகிற கத்தியில், குறைந்தபட்சம், மினுக்கத்துக்காக யாரும் காசைக் கொட்டவில்லை என்பதாவது உறுதி.

இப்போது ஃபார்முலாவுக்கு வருகிறேன். திருமங்கலத்தில் வெள்ளிக்கிழமை தோறும் கூடுகிற ஆட்டுச்சந்தையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. அங்கே யாரும் ஆட்டின் இரண்டு காதும் ஒரே நீளமா என்று அளந்து பார்ப்பதில்லை. நெற்றிச் சுட்டி நடுவில் இருக்கிறதா என்று கவலைப்படுவதில்லை. உதட்டை விலக்கிப் பல்லைப் பார்க்கிறார்கள், முதுகெலும்பின் மேல் கைவைத்துச் சதைப்பற்றைப் பார்க்கிறார்கள், நாலடி நடக்கவிட்டுக் காலைப் பார்க்கிறார்கள். சந்தையில் இத்தனை தெளிவாக இருக்கிற அதே மனிதர் கத்திக் கடைக்கு வந்ததும் காதை அளக்க ஆரம்பித்துவிடுகிறார். கத்திக்கும் பார்க்க வேண்டியவை மூன்றுதான்: குறை கண்ணுக்கா, காரியத்துக்கா, கைக்கா? சந்து, சாய்வு, அரக்கோடு, சப்பை ரிவிட் எல்லாம் கண் குறை, தள்ளுபடி. கூர் சமமாக இறங்காமல் இருப்பது, பிடியின் விளிம்பு உள்ளங்கையை உறுத்துவது, திறக்க நகம் பெயர்வது, இவை காரியக் குறை. சாணையும் உப்புத்தாளும் ஒரு சொட்டு எண்ணெயும் கொண்டு வீட்டில் சரிசெய்துகொள்ளலாம் என்றால் வாங்கலாம். அலகில் விரிசல், தளர்ந்த ஸ்பிரிங், வேலை நடக்கும்போதே விரல் மேல் மடங்கிவிடுகிற சுபாவம், இவை கைக் குறை. இதற்கு மன்னிப்பும் கிடையாது, பேரமும் கிடையாது. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். சோதிக்கவும் கருவி வேண்டாம். கூரைக் கட்டைவிரல் நகத்தின் மேல் சும்மா வைத்தால் வழுக்காமல் பிடிக்க வேண்டும். திறந்த அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்து மெல்ல அழுத்தினால் ஸ்பிரிங் எதிர்த்து நிற்க வேண்டும். இந்த இரண்டும் தேறினால், வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிக்கிற வேலையை எக்ஸ்ரே எடுப்பவர்களிடம் விட்டுவிடலாம்.

ஆட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்று வகையிலும் கால் வைத்திருக்கிற குறை அது ஒன்றுதான். ரிவிட்டை இறுக்கி அடித்தால் கத்தி ஆடாது, திறக்கவும் செய்யாது. தளர்த்தி அடித்தால் திறக்கும், ஆடும். நடுவில் ஒரு நிலை இருக்கிறது. அதுவும் நிலையாக இருப்பதில்லை. மரப்பிடி இருக்கிற கத்தியென்றால் பருவமும் உள்ளே புகுந்து விளையாடும். சித்திரை வெயிலில் மரம் வற்றிச் சுருங்கும், கத்தி தளரும். ஐப்பசி மழையில் ஈரம் குடித்து உப்பும், கத்தி இறுகும். வைகாசியில் வாங்கியவர் ஆடுகிறது என்பார், கார்த்திகையில் வாங்கியவர் திறக்கவில்லை என்பார். இரண்டு பேரும் ஒரே கத்தியைத்தான் திட்டிக்கொண்டிருப்பார்கள். பக்கவாட்டில் சின்ன அசைவு என்றால் கண் குறை. வெட்டும்போது கோடு கோணுகிற அளவு என்றால் காரியக் குறை. ரிவிட்டின் ஒரு தலையைக் கல்லில் வைத்து மறுதலையில் சுத்தியலால் ரெண்டு தட்டு தட்டினால் போய்விடும். மேலும் கீழும் ஆடி, ஸ்பிரிங்கும் கைவிட்டுவிட்டது என்றால் கைக் குறை. ஒரே ஆட்டம், மூன்று தீர்ப்பு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பழமொழி சொல்லிச் சிரிக்கிறோம். வெட்டத் தெரியாதவர்கள் கத்தி ஆடுகிறது என்று சொல்வது அதற்கடுத்த அத்தியாயம்.

இது நம்மூர்க் கதை மட்டும் என்று நினைத்துக் கூச்சப்படத் தேவையில்லை. பிரான்ஸின் சவோய் மலைப் பகுதியில் ஜோசஃப் ஒப்பினெல் 1890-இல் செய்ய ஆரம்பித்த மரப்பிடிக் கத்தி இன்றும் உலகம் முழுக்க விற்கிறது. ஈரம் பட்டால் பிடி உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும்; திறக்காது. அந்த ஊர்க்காரர்கள் கம்பெனிக்குப் புகார்க் கடிதம் எழுதவில்லை. பிடியின் அடிப்பக்கத்தை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு தலையை நீட்டும் என்று கண்டுபிடித்து, அந்தத் தட்டுக்குத் தங்கள் சீமையின் பெயரையே சூட்டிப் பெருமையடித்துக்கொண்டார்கள். விரல் மேல் மடங்குகிற ஆபத்தைத் தடுக்க 1955-இல் கம்பெனி ஒரு பூட்டு வளையத்தைச் சேர்த்தது. மரம் உப்புவதை அப்படியே விட்டுவிட்டது. கைக் குறையைத் திருத்தி, காரியக் குறையை வாங்கியவர் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். நம் ஃபார்முலா பிரெஞ்சிலும் வேலை செய்கிறது. ஜப்பானின் மிக்கி நகரத்து ஹிகோனோகாமியில் பூட்டும் கிடையாது, முதுகு ஸ்பிரிங்கும் கிடையாது. மடித்த தகடுதான் பிடி. அலகின் வாலில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு வேலை செய்ய வேண்டும். பூட்டு எங்கே என்று கேட்டால் உங்கள் கட்டைவிரலைக் காட்டுவார்கள். நம் நாட்டிலேயே உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர், மடக்குக் கத்திக்குப் பேர்போன ஊர். அங்கே 2023-இல் ஒரு சாலைச் சந்திப்பில் ஏறத்தாழ 20 அடிக்கு ஒரு கத்தியையே சிலையாக நட்டு வைத்திருக்கிறார்கள். அது ஒன்றில் மட்டும் ஆட்டம் இருந்தால் நானும் புகார் கொடுக்கச் சம்மதிக்கிறேன்.

எதிர்க்கட்சி எழுந்து நிற்கிறது, கேட்டுவிடலாம். “இப்படியே மன்னித்துக்கொண்டு போனால் வேலைத்தரம் என்ன ஆகும்? அரைகுறையாய்ச் செய்கிறவருக்கு இது லைசென்ஸ் இல்லையா?” கனமான கேள்வி. ரோட்டில் பள்ளம், பாலத்தில் விரிசல் என்று எல்லாவற்றையும் ‘சின்னக் குறை’ என்று சொல்லியே பழக்கப்பட்ட நாடு இது. ஆனால் ஃபார்முலா எல்லாக் குறையையும் மன்னிக்கச் சொல்லவில்லை. தரம் பிரிக்கச் சொல்கிறது. பாலத்தின் விரிசல் கைக் குறை மட்டுமல்ல, தலைக் குறையும்கூட. சொல்லப்போனால் கண் குறைக்குச் சண்டை போடுகிறவர்தான் தரத்தைக் கெடுக்கிறார். வாங்குகிறவர் சந்தும் சாய்வும் மட்டுமே பார்க்கிறார் என்று தெரிந்தால், செய்கிறவர் மறுநாள் என்ன செய்வார்? தோய்ச்சலில் அரை மணியை மிச்சம் பிடித்து, அந்த அரை மணியைப் பாலிஷில் போடுவார். சந்தில் கொஞ்சம் பசையும் மரத்தூளும் திணித்து மூடுவார். கத்தி அழகாகிவிடும், வெள்ளரிக்காய் தப்பித்துவிடும். நாம் எதைக் கேட்கிறோமோ அதுதான் நமக்குச் செய்து தரப்படும். ஆகவே கூரைக் கேட்க வேண்டும்.

“அதே விலைக்கு மிஷினில் செய்த கத்தி, ஒரு கீறல் இல்லாமல் கிடைக்கிறதே?” என்பது அடுத்தது. கிடைக்கிறது, உண்மை. இயந்திரத்துக்கு மினுக்கம் மலிவு. அதனால் மிஷின் கத்தியின் மினுக்கத்தை வைத்து அதன் உள்ளே இருப்பதைக் கணிக்க முடியாது. நல்லதும் மின்னும், மோசமானதும் மின்னும். அதிலும் நல்லதைத் தேடி வாங்குகிறவர்களோடு எனக்கு வழக்கில்லை; சுவிட்சர்லாந்தில் 1884-இல் கார்ல் எல்செனர் தொடங்கிய பட்டறையிலிருந்து வளர்ந்த விக்டோரினாக்ஸ் கத்தியில் சந்து தேடினால் தேடியவர் கண்தான் கெடும். ஆனால் மிஷின் கத்தியின் பிடியைப் பெரும்பாலும் திறக்க முடியாது, தளர்ந்தால் இறுக்க முடியாது. அடிக்கடி நேர்வது, கத்தி நேராகக் குப்பைக்கூடைக்குப் போவது. நாட்டுக் கத்தியில் எந்த ரிவிட் எங்கே இருக்கிறது என்று வெளிப்படையாகத் தெரியும். அதைக் கல்லில் வைத்துத் தட்ட யாராலும் முடியும். நமக்குக் குறையாகத் தெரிகிற அந்தச் சப்பை ரிவிட், ரிப்பேர்க்காரனுக்குத் திறந்து வைத்த வாசல்.

மூன்றாவதாக ஒரு சுத்தவாதி வருவார். “குறை என்றால் குறைதான். சிறந்தது என்பது மாசற்றது” என்பார். அவருக்குப் பதில் சொல்ல நொய்யல் கரைக்குப் போக வேண்டும். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் பழங்காலத்து இரும்பு உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய எஃகுக் கட்டிகள் கடல் கடந்து மேற்காசியாவுக்குப் போயின. மேனியெங்கும் நீரலை போன்ற வரிகள் ஓடுகிற புகழ்பெற்ற டமாஸ்கஸ் வாள்கள் அந்த வகை எஃகில் அடிக்கப்பட்டவை. அந்த வரிகள் எப்படி வந்தன என்று ஐரோப்பியர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். மைக்கேல் ஃபாரடேகூட 1820-ஐ ஒட்டி இந்த எஃகை ஆராய்ந்து பார்த்தார். கடைசியில் ஜான் வெர்ஹோவன் என்ற அமெரிக்க உலோகவியல் பேராசிரியரும் ஆல்ஃபிரட் பெண்ட்ரே என்ற கொல்லரும் சேர்ந்து அடித்துப் பார்த்து, 1998-இல் விடையை வெளியிட்டார்கள். தாதுவோடு ஒட்டிக்கொண்டு வந்த வனேடியம் போன்ற பொருள்கள், நூறில் ஒரு பங்கைவிடப் பலமடங்கு குறைந்த அளவில் கலந்திருந்ததுதான் அந்த அழகுக்கு மூலகாரணம். வேதியியல் பாஷையில் அவற்றுக்குப் பெயர் மாசு. மாசற்ற இரும்பில் அந்த வரி விழாது. இதை வைத்துக்கொண்டு, எங்கள் பக்கத்து மடக்குக் கத்தி ஆடுவதற்கும் வனேடியம்தான் காரணம் என்று அளந்துவிடக் கூடாது. அதற்குக் காரணம் ரிவிட்தான். ஆனால் மாசற்றது மட்டுமே சிறந்தது என்பவர் உலகத்தின் மிகப் புகழ்பெற்ற வாள்களைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை நினைவுபடுத்தலாம்.

எல்லாவற்றிலும் கூர்மையான ஆட்சேபம் கடைசியில் வருகிறது: “கொல்லரின் ஏழ்மையைக் கலை என்று கொண்டாடுகிறீர்களா? நல்ல கூலி கிடைத்தால் அவரும் சந்தில்லாமல் செய்வாரே?” செய்வார். அதனால்தான் குறையைத் திருஷ்டிப் பொட்டு என்றும், கைவேலையின் கையெழுத்து என்றும் வர்ணிக்கிற பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. குறை குறைதான், அது விலையில் கழிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே. வம்பு எங்கே வருகிறதென்றால், ஏற்கெனவே கழித்த குறையை நாம் மறுபடி ஒருமுறை கழிக்கப் பார்க்கும்போது. பல ஆயிரம் ரூபாய் செல்போன், வாங்கிய வாரமே ‘பிழைகள் சரிசெய்யப்பட்டுள்ளன’ என்று அறிவிப்பு அனுப்பும். அந்தப் பிழைகளோடு விற்றதற்காக யாரும் விலையைக் குறைக்கச் சொல்வதில்லை, பயபக்தியோடு அப்டேட் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறோம். உலைச்சூட்டில் நின்று அடித்துக் கொடுத்த கத்தியின் ரிவிட் சப்பையாக இருந்தால் மட்டும் ‘இருபது ரூபாய் குறைச்சுக்கங்க ஆசாரி’ என்று ஆரம்பித்துவிடுகிறோம். குறையைப் பொறுத்துக்கொள்வதன் முதல் நிபந்தனை, கேட்ட விலையைக் கொடுப்பது. பேரமும் பேசுவேன், பெருந்தன்மையும் காட்டுவேன் என்பது ஒரே கத்தியில் இரண்டு பக்கமும் கூர் வைக்கச் சொல்வது. பிடிக்க இடமிருக்காது.

என் வாதத்தின் அடிப்படை இதுதான்: நாட்டுக் கத்தி கடையில் முடிந்துவிடுகிற பொருள் இல்லை. முக்கால்வாசி வேலையைப் பட்டறை செய்கிறது. மீதிக்கால்வாசி வாங்கியவர் கணக்கில் இருக்கிறது, விலை மலிவாக இருப்பதன் ரகசியமும் அதுதான். பழைய காலத்தில் இது யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமாக இருக்கவில்லை. ஓலைச்சுவடி எழுதியவர்களிடம் மடக்கெழுத்தாணி என்றொரு கருவி இருந்தது. ஒரு பக்கம் ஓலை வாருகிற கத்தி, மறுபக்கம் எழுத்தாணி, இரண்டும் பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். நம் இலக்கியத்துக்கே சொந்தமான பாக்கெட் கத்தி அது. எழுத்தாணி முனையை ஓலைக்குத் தக்கபடி பதப்படுத்திக்கொள்வது எழுதுகிறவர் பொறுப்பு. ஓலை கிழிந்தால் கொல்லரைத் திட்டி யாரும் செய்யுள் செய்ததாகத் தெரியவில்லை. இன்றைக்கும் முறை மாறவில்லை. பிடியின் கூர் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்க வேண்டும். மூட்டில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட வேண்டும். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகில்லாத சொரசொர வளையம் ஒன்று இருக்கும். அதில் அலகை ஒரே சாய்வில் பத்து இழுப்பு இழுத்தால் கூர் ஏறும். மாங்காய் நறுக்கியதும் துடைத்து வைக்க வேண்டும்; மறந்தால் புளிப்பும் துவர்ப்பும் இரும்போடு சேர்ந்து அலகைக் கறுக்கடித்துவிடும், அடுத்த மாங்காய்த் துண்டிலும் கறுப்பு ஏறும். அந்தக் கறுப்பு மெல்ல மெல்லப் படிந்து, செந்துரு ஏறுவதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும் என்பது இரும்பின் இன்னொரு குணம். அதையும் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவர்கள் துருவுக்கு வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார்கள்.

வாங்கப் போகும்போது ஒரு சின்னச் சங்கடம் இருக்கலாம், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 2021 செப்டம்பரில் ரவுடிகள் மேல் நடவடிக்கை எடுத்த தமிழ்நாடு காவல்துறை, கத்தி, அரிவாள் செய்து விற்கிறவர்கள் வாங்குகிறவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று அறிவுறுத்தியது. எனவே பட்டறையில் நீங்கள் கத்தியைச் சோதிப்பதற்கு முன்னால் அவர் உங்களைச் சோதிக்கலாம். கோபித்துக்கொள்ளக் கூடாது. அவரும் ஒரு ஃபார்முலா வைத்திருப்பார்: வந்திருக்கிற ஆளின் குறை கண்ணுக்கா, காரியத்துக்கா, கைக்கா என்று. சட்டை கசங்கியிருந்தால் அவர் மன்னித்துவிடுவார். கத்தியைத் திறந்ததும் காற்றில் இரண்டு வீசு வீசிப் பார்க்கிற ஆளாக இருந்தால் ஸ்டாக் இல்லை என்று சொல்லிவிடுவார். தேறிவிட்டால் கேட்ட காசைக் கொடுத்து வாங்கி வந்து, தினமும் உபயோகிக்க வேண்டும். கத்தியில் மன்னிக்கவே கூடாத குறை ஒன்று பாக்கியிருக்கிறது, அது மழுங்கல். பட்டறையிலிருந்து வரும்போது அது கூடவே வருவதில்லை. நம் வீட்டில் வைத்து நாம் உண்டாக்குவது. அந்தப் புகாரோடு ஆசாரியைத் தேடிக் கிளம்புகிறவர்கள், வழியில் சாணைபிடிக்கிற சைக்கிள்காரர் எதிர்ப்பட்டால் வழக்கை அங்கேயே பைசல் செய்துகொள்வது உத்தமம்.